நூற்றுக்கு இருபத்தெட்டு

ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன்,
இன்று லோகித்துக்கு ஒட்டுப்பட்டைச் செருப்பு வேண்டாம்.
கயிறு கட்டுகிற ஷூ.
அவனால் எது முடியாதென்று
அவர்கள் பார்க்க வேண்டும்.
அதற்குத்தானே போகிறோம்.

பையில் நாலு செட் ஜெராக்ஸ், எட்டு போட்டோ.
என் ஆதார் இன்னும் நகரியில் இருக்கிறது,
ரேஷன் கார்டு பள்ளிப்பட்டில்.
போன தடவை ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார்கள்:
"நீங்க ஆந்திராவா, இங்கயா?"
அடுப்பு இந்தப் பக்கம், பிறந்த வீடு அந்தப் பக்கம்,
நடுவில் பன்னிரண்டு ரூபாய் டிக்கெட்
என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?
தாய்மொழி: தமிழ் என்றே போட்டேன்.
இன்னொரு கேள்வி எதற்கு.

டிஸ்ப்ராக்சியா.
முனிரத்தினத்துக்கு அது வாயில் நிற்பதில்லை.
'சோம்பேறி' சுலபமாக வந்துகொண்டிருந்தது,
இப்போது வருவதில்லை.
அதற்கு ஒரு வருடம் சண்டை.

நோட்டில் இவன் எழுத்து
பஸ் நிற்கும் முன்னே இறங்குகிறவனைப் போல
கோட்டிலிருந்து இறங்கிவிடும்.
கதவு நிலை தினமும்
அதே தோளில் இடிக்கும்.
சட்டைப் பொத்தான் ஐந்து;
ஐந்தாவது முடியும்போது
பள்ளியில் மணி அடித்திருக்கும்.

திருவள்ளூரில் பதினான்காம் எண் அறை வாசல்.
பக்கத்து பெஞ்சில் ஒரு பெண்,
மடியில் பத்து வயது மகள், கழுத்து நிற்காதவள்.
"இவனுக்கு என்னங்க?"
நான் வாய் திறப்பதற்குள்
இவன் குழாய்க்கு ஓடி,
சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு,
சிரித்தபடி ஓடி வந்தான்.
அவள் பார்வையில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

டாக்டர் சின்ன வயசு.
ஷூக்கயிற்றைக் கட்டச் சொன்னார்.
ஒரு வளையம் போட்டான், அது அவிழ்ந்தது,
மறுபடி போட்டான், விரல் உள்ளே மாட்டியது,
நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி.
எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க
என்று எனக்குள் யாரோ சொன்னாள்.
அவள் நான்தான்.

அடுத்து மஞ்சள் பந்து.
முதல் தடவை விட்டான்.
இரண்டாவது நெஞ்சில் பட்டு
மேஜைக்கடியில் போனது.
மூன்றாவதுக்கு டாக்டர் கை ஓங்க,
என் வாய் என்னைக் கேட்கவில்லை:
"பட்டுகோ!"

பிடித்துவிட்டான்.
இரண்டு கையாலும், வயிற்றோடு சேர்த்து,
கோழிக்குஞ்சைப் பிடிப்பது மாதிரி.
ஒன்பது வருடத்தில் முதல் பந்து.
என்னைத் திரும்பிப் பார்த்தான்.
நான் கைதட்டக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.
அவன் கவனித்தானா, தெரியவில்லை.

"லிஸ்ட்ல இருக்கும்மா, இல்லைன்னு சொல்லல.
ஆனா மைல்டு. நாற்பது வந்தாத்தான் உதவித்தொகை."
டீக்குச் சொல்வதுபோல் இருந்தது அந்த மைல்டு.
காகிதத்தில் இருபத்தெட்டு.
வேண்டுமென்றால் அடுத்த வருடம் வரலாமாம்.
எழுந்தவர் தானே குனிந்து
அவன் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டார்.
நல்ல மனுஷர்தான், என்ன செய்ய.

வெளியே படியில் கால் மாறிப் போய் விழுந்தான்.
அதை யாரும் எழுதவில்லை.

திருத்தணி தாண்டியதும் கேட்டான்:
"இருபத்தெட்டு எத்தனைக்கு?"
"நூற்றுக்கு."
"முப்பத்தஞ்சுதானே பாஸ்? அப்ப நான் ஃபெயிலா?"
முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
இந்தப் பரீட்சையில் நீ தோற்றதாலா
ஜெயித்ததாலா பணம் இல்லையென்று
எனக்கே கணக்கு வரவில்லை.
"ஃபெயில் நான்தாண்டா" என்றேன்,
அவன் அதை ஜோக்கு என்று எடுத்துக்கொண்டான்.

"அப்பாகிட்ட பந்தை நான்தான் சொல்வேன், நீ சொல்லாதே."
சரி.
தெரபிக்கு மாதம் எண்ணூறு, போக வர நூற்றி நாற்பது.
அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டில் அந்த இரட்டை முடிச்சு
என் நகத்துக்கும் வரவில்லை.
காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்,
"பட்டுகோ பட்டுகோ" என்று
காற்றில் எதையோ பிடித்துக்கொண்டு.